விருதுபட்டி வீட்டுக் கணக்கு

போன கார்த்திகையில் எங்க அப்பா தவறினார். இந்தக் கார்த்திகையோடு வருசம் திரும்பிவிட்டது. எங்க பக்கம் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்குப் பண்டிகை கிடையாது. பொங்கலுக்குப் பானை ஏற்றவில்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தது. சிவகாசிக்குப் பக்கத்து ஊர் எங்களது. தெருவில் பாதிப் பேருக்கு வெடி ஆபீஸில்தான் வேலை. (பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்.) நாட்டுக்கே பட்டாசு செய்து அனுப்புகிற ஊரில், தீபாவளி ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த வருசம்தான் தெரிந்துகொண்டேன்.

துக்கம் என்றால் அழுகை என்று நினைத்திருந்தேன். கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து அழுவதற்கு நேரமே இல்லை. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், சொசைட்டியில் அப்பா பேரில் இருந்த பயிர்க்கடன், ரேஷன் கார்டில் பேர் நீக்கம். ஒவ்வொன்றுக்கும் இறப்புச் சான்று நகல் ஒன்று. ஜெராக்ஸ் கடையில் பத்து நகலாகப் போடுங்கள் என்று சொன்னபோது தொண்டை அடைத்தது, அதோடு சரி. அப்புறம் புரட்டாசி வந்தது. எங்களது கரிசல், மானாவாரி. மழைக்கு முன்னால் புழுதியில் விதைக்க வேண்டும். விதைத்து மழை தள்ளிப்போனால் விதை எறும்புக்கு. விதைக்காமல் மழை வந்துவிட்டால் சேற்றில் கால் வைக்க முடியாது, பட்டம் போய்விடும். எந்த நாள் என்று இத்தனை வருசம் அப்பாதான் சொல்வார். மேற்கே பார்ப்பார், ரெண்டு நாள் பேசமாட்டார், மூணாம் நாள் விதைப்பெட்டியை எடு என்பார். இந்த முறை நான் மேற்கே பார்த்துக்கொண்டே ஒரு வாரம் நின்றேன். எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயசு. அப்பன் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பட்டா வேலையாக ஒருநாள் விருதுநகர் போயிருந்தேன். மதியம் மூணு மணிக்கு மேல் வாருங்கள் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார மனமில்லாமல் நடந்தேன். கால் கொண்டுபோய் விட்ட இடம் காமராஜர் வீடு. அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டிப்போயிருக்கிறார்கள். அப்போது நாங்கள் கவனித்தது வெளியே விற்ற ஐஸ்தான். இந்த முறை உள்ளே ஆளில்லை. குறுகின தெரு, சின்ன வீடு. சுவரெல்லாம் நேரு பக்கத்தில், இந்திரா பக்கத்தில், ஏதோ அணை திறப்பில் என்று போட்டோக்கள். எனக்கு அதில் எதுவும் மனசில் நிற்கவில்லை. இந்த வீட்டிலும் ஒரு நாள் அப்பா செத்திருக்கிறார், அதற்கடுத்த வருசம் இங்கே எப்படிப் போயிருக்கும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் மனப்பாடமான வரி ஒன்று உண்டு. 'சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் காமராஜரின் படிப்பு நின்றது.' நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் வருசத்தைப் போட்டுப் பாருங்கள். அவர் பிறந்தது 1903 ஜூலை 15. அப்பா குமாரசாமி நாடார் இறந்தபோது பையனுக்கு வயது ஆறு. படிப்பை விட்டது ஆறாம் வகுப்பில், பதினொன்று பன்னிரண்டு வயசில். நடுவில் ஐந்து வருசம் இருக்கிறது. அப்பா செத்த மறுநாள் பள்ளிக்கூடம் நின்றுபோகவில்லை. ஐந்து வருசம் அந்தப் பையன் தினமும் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சாப்பிட்டிருக்கிறான். யாரோ போட்டிருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் ஒரே தாவலில் தாண்டிப் போகிற இந்த ஐந்து வருசம்தான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

அன்றைக்கு ஊர் பேரே விருதுபட்டி. விருதுநகர் என்று மாறியது 1923-ல். மழை குறைந்த பூமி. ஆனால் 1870களில் ரயில் வந்த பிறகு சந்தைக்குக் குறைவில்லை. பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று மூட்டைகள் வந்து போகும் ஊர். குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரம் பார்த்தவர். பெரிய பணக்காரர் இல்லை, இல்லாதப்பட்டவரும் இல்லை. அவர் போனபோது வீட்டில் மிஞ்சியவர்கள் மனைவி சிவகாமி அம்மாள், மகன், மகனுக்கும் இளைய பெண் நாகம்மாள், குமாரசாமியைப் பெற்ற தாய் பார்வதி அம்மாள். பையனுக்கு முதலில் வைத்த பேர் குலதெய்வத்தின் பேர், காமாட்சி. அம்மா கூப்பிட்டது ராஜா. ரெண்டும் சேர்ந்துதான் காமராஜா ஆனது.

அந்த வீட்டில் அன்றைக்குச் சிவகாமி அம்மாளின் நிலைமை என்ன என்பதைச் சட்டத்தை வைத்துக் கொஞ்சம் யோசிக்கலாம். வாரிசுச் சான்றுக்காக அலைந்ததால் எனக்கு இந்த வருசம் இதிலெல்லாம் கொஞ்சம் அறிவு வந்திருக்கிறது. எங்க அப்பாவின் வாரிசுப் பட்டியலில் முதல் பேர் அம்மாவுடையது. அப்புறம் நான், என் தங்கச்சி. தங்கச்சிக்கும் சமமாக உண்டு. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலேயே பெண்ணுக்குச் சம உரிமை என்று 1989-ல் சட்டம் வந்தது. 1909-10 வாக்கில் இதெல்லாம் கிடையாது. புருசன் சொத்து மகனுக்கு. மகன் இருக்கும்போது விதவைக்குப் பங்கில்லை, ஜீவனாம்சம் மட்டும். விதவைக்கும் ஒரு பங்கு என்று சொல்ல 1937-ல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவும் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம் என்கிற அளவுக்குத்தான், அதிலும் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று பின்னால் கோர்ட்டு சொல்லிவிட்டது. முழு உரிமை 1956-ல். ஆக, புருசன் போன அன்றைக்கு அந்தம்மாவுக்குத் தன்னுடையது என்று, யாரையும் கேட்காமல் முடிவு செய்யக்கூடியது என்று இருந்தது பிறந்த வீட்டிலிருந்து வந்த சீதனம். அதாவது உடம்பில் கிடந்த நகை.

அவர் செய்தது இதுதான். காதில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினார். உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் முதலாகப் போட்டார். மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார்.

வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு வரி. தியாகம் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். தியாகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நகையைக் கழற்றுவது கைம்பெண் ஆனவளுக்கு எப்படியும் நடக்கிறதுதான். எங்க அம்மாவுக்கும் நடந்தது. கழற்றின நகையை என்ன செய்வது என்பதில்தான் அந்தம்மாவின் மூளை இருக்கிறது. விற்றுத் தின்றிருந்தால் ரெண்டு மூணு வருசம். பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் மகள் கல்யாணத்துக்கு ஆகும், மகன் பட்டினி. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்ததால்தான் ஐந்து வருசம் ஓடியிருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்க வீட்டுக் கதை வெட்கக்கேடு. இந்த வருசம் மக்காச்சோளத்துக்கு உரமும் படைப்புழுவுக்கு மருந்தும் வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அங்கே நகை வட்டி வாங்கியது. எங்க வீட்டில் நகைக்காக நாங்கள் வட்டி கட்டுகிறோம். விவசாயி வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

வியாபாரியிடம் கொடுப்பது பயமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பயம்தான். ஆனால் பாங்குகள் மட்டும் என்ன வாழ்ந்தன? 1906 அக்டோபரில் சென்னையில் அர்புத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட பணம் போனது. வெள்ளைக்காரன் கம்பெனி, ஆகவே பத்திரம் என்று நம்பிப் போட்டவர்கள். அந்தச் சூடு ஆறாமல்தான் அடுத்த வருசம் நம்மவர்கள் இந்தியன் பாங்கை ஆரம்பித்தார்கள். தபால் ஆபீஸ் சேமிப்பு 1882-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது, வட்டி குறைச்சல். விருதுபட்டி மாதிரி வியாபார ஊரில், தெருவில் தினம் பார்க்கிற ஒரு ஆளின் சொல்லை நம்புவதுதான் பாதுகாப்பாகப் பட்டிருக்கும். அந்த ஆள் ஏமாற்றியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவர் பேர் பெரிசாக யாருக்கும் தெரியாது. முதல் தேதி வட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அந்த மனுசனுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது.

சோறு வந்துவிட்டது, பள்ளிக்கூடம்? அது ஊர் கொடுத்தது. 1899-ல் சிவகாசிக் கொள்ளை நடந்து பத்து வருசம்தான் ஆகியிருந்தது. கோயிலுக்குள் விடமாட்டோம், எங்கள் பக்கம் குடியிருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு சாதி, வியாபாரத்தில் கூடி நின்று தன்னைக் காப்பாற்றிக்கொண்ட காலம். உறவின்முறை என்று அமைப்பு. சந்தையில் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பார்கள். அந்தப் பணத்தில் பேட்டை, கிணறு, சத்திரம், பிறகு பள்ளிக்கூடம். விருதுபட்டி க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வந்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிடி அரிசி. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவைப்பார்கள். அதைத் திரட்டிப் பள்ளிக்கூடத்துக்கு. பணக்காரன் கொடுத்த நன்கொடைக்குக் கல்வெட்டு உண்டு, பிடி அரிசிக்குக் கல்வெட்டு கிடையாது. திண்ணைப் பள்ளி, ஏனாதி நாயனார் பள்ளி எல்லாம் முடித்து அந்தப் பையன் வித்தியாசாலைக்குத்தான் போனான். அப்பன் இல்லாத பிள்ளை என்று தனியாகச் சலுகை கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த அரிசி.

அந்தப் பள்ளிக்கூட நாள் பற்றி விருதுநகரில் எல்லாரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பையன்களிடம் காசு வாங்கிப் பூஜை போட்டு, பொரி கடலை கொடுத்தார்கள். மற்றவன்கள் முண்டியடித்து அள்ளிக்கொண்டு போக, இவன் கையில் கொஞ்சூண்டு. பாட்டி கேட்டாள், ஏன்டா இவ்வளவுதானா என்று. எல்லாரிடமும் ஒரே காசு வாங்கினார்களே, ஒரே மாதிரி கொடுப்பதுதானே வாத்தியார் வேலை, நான் எதற்கு முண்ட வேண்டும் என்றானாம். பெரிய மனுசனாக ஆன பிறகு இப்படி நூறு கதை சேரும், உண்மை எவ்வளவோ. ஆனால் கேட்டது பாட்டி என்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருகிறது. அப்பன் இல்லாத வீட்டில் பையன் கையைப் பார்க்கிற ஆள் பாட்டியாகத்தான் இருக்கும்.

துக்கத்தைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. ஆறு வயசுப் பையன் அழுதானா, அப்பா எங்கே என்று கேட்டானா, ஒரு வரி கிடையாது. அவரும் பேசின ஆள் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் சில பேருக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு இல்லை, ஏனென்றால் எங்க அப்பாவும் அப்படித்தான். அவருக்கு ஒன்பது வயசில் அவர் அப்பா போனார், 1959 வாக்கில். எழுபத்துநாலு வயசில் சாகிறவரைக்கும் அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்கலை, காட்டைப் பார்க்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு. "எங்கய்யா செத்ததுக்கு அடுத்த வருசம் எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணுதான்டா. பள்ளிக்கூடத்துல போட்ட சோறு" என்றார். எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். காமராஜர் முதலமைச்சரானது 1954 ஏப்ரலில். அதற்கு முந்தின வருசம் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்பது. குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், போராட்டம் நடந்தது, காமராஜர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். சாதித் தொழிலையே பிள்ளை தலையிலும் கட்டுகிறது என்பதுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்ன காரணம், சரியான காரணமும்கூட. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அரை நாள் அப்பனிடம் கற்றுக்கொள் என்றால், அப்பன் இல்லாதவன் என்ன செய்வான்? சட்டம் போட்டவருக்கு அந்தப் பிள்ளை ஞாபகத்தில் வந்திருக்காது. எடுத்தவர் அந்தப் பிள்ளையாகவே இருந்தவர்.

1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஆரம்பத்தில் அது முழுக்க அரசுப் பணம் இல்லை. ஊர்க்காரர்கள் அரிசி, காய், விறகு கொடுத்தார்கள், அரசு சேர்த்துக்கொண்டது. கல்வித்துறையின் தலைவராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, பெஞ்சு, கரும்பலகை, தட்டு, டம்ளர் என்று மக்களிடமே வாங்கினார். யோசித்துப் பாருங்கள், இது விருதுபட்டிப் பிடி அரிசிதான். ஒரு சாதி தன் தெருவுக்குள் செய்ததை மாநிலத்துக்கே செய்தார்கள், சாதி பார்க்காமல். காமராஜரின் மதிய உணவுக்குக் காரணமாக ஆடு மேய்க்கிற பையன் கதையைச் சொல்வார்கள். நல்ல கதைதான். எனக்கென்னவோ அதற்கும் முந்தி, வட்டிப் பணத்தில் உலை வைத்த ஒரு வீடும், பக்கத்து வீட்டுக் கலயத்தில் விழுந்த கைப்பிடியும் அவர் மனசில் கிடந்திருக்கும் என்றுதான் படுகிறது.

எங்க அப்பத்தா அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது படிக்க இல்லை, அந்த ஒரு வேளைச் சோற்றுக்காக. காலையில் களை எடுக்கப் போகிறவள், மதியம் ஒரு வயிறு குறைகிறது என்று கணக்குப் போட்டாள். தப்புச் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் அப்படிப் போய் ஐந்தாம் வகுப்பு முடித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கணக்குப் பிசகாது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ், கட்டை அடுக்கும் வேலை. சட்டத்தில் குச்சி குச்சியாக அடுக்க வேண்டும். எத்தனை சட்டமோ அத்தனைக்குக் கூலி. சின்ன விரல்தான் அதற்குத் தோது. விடியுமுன்னே, கோழி கூப்பிடும் நேரத்துக்குப் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் காலத்துப் பஸ் ஹாரன் சத்தத்தைச் சாகும்வரைக்கும் அப்பா வெறுத்தார்.

காமராஜர் படிப்பை விட்டபோது போன இடம் மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடை. அரசியல் கூட்டம் கேட்கப் போகிறான் என்று தெரிந்ததும் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பினார்கள். அப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன் என்பது நம் பக்கத்து ஏற்பாடு. ஒன்றைக் கவனியுங்கள். 1914-ல் இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழில் கிடையாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தது 1922-ல். அடுத்த வருசம் இங்கே ஆரம்பித்தார்கள். மழையை நம்ப முடியாத மண்ணில் அந்தத் தொழில் எத்தனையோ குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது, இன்றைக்கும் ஊற்றுகிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன், என் வீட்டுச் சோற்றிலும் அது உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எங்க பக்கத்தில் அப்பன் செத்த பிள்ளைக்கு மாமன் கடை தேவைப்படவில்லை. வாசலுக்கே பஸ் வந்தது. வட்டிக்கு விட நகை இல்லாத அம்மா என்ன செய்வாள்? பிள்ளையை ஏற்றிவிட்டாள்.

இந்தக் கதையில் சட்டம் ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்த முதலிலிருந்து வருகிற வட்டி மாதாமாதம் குடும்பத்துக்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாவிட்டால் வட்டி நிற்கும். இதை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விருதுநகரில் அந்த வீட்டுக்குள் நின்றபோதுதான் பொறி தட்டியது. முதலைத் தொடாதே, வட்டியில் சாப்பிடு, பிள்ளையைப் படிக்கவை. டெல்லியில் நீதிபதிகள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, எண்பத்தாறு எண்பத்தேழு வருசத்துக்கு முன்னால் விருதுபட்டியில் ஒரு கைம்பெண் யாரையும் கேட்காமல் செய்திருக்கிறாள். எங்க ஊரில் அந்தத் தீர்ப்பு வட்டியை வாங்கிய வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் விடிகாலைப் பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் குறைந்ததைப் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவும் நான் யோசிக்கக் காரணம், எங்க தெருவில் இந்த வருசம் விழுந்த இன்னொரு சாவு. சித்திரை வெயிலில், ஒரு வெடி ஆபீஸில் மருந்து ரூமில் வேலை பார்த்த பையன் போய்விட்டான். பையன் என்கிறேன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, இளையவள் ஆறு. பதினாறாம் நாள் அந்த மூத்தவனுக்கு உருமா கட்டினார்கள். துண்டு பெரிசு, தலை சின்னது. கண்ணை மறைத்துக்கொண்டு நழுவி நழுவி இறங்கியது. மாமன்காரன் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு நாற்பத்தெட்டு வயசில் கட்டியபோதே பாரமாகத்தான் இருந்தது.

நஷ்ட ஈடு வந்ததும் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. புருசன் பக்கத்து ஆட்கள் பிளாட் வாங்கிப் போடு என்றார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் பொண்ணுக்கு நகையாகச் செய்து வை என்றார்கள். ஒருத்தர், என் பேரைச் சொல்லாதீர்கள், எனக்கு மூணு வட்டிக்குக் கொடு தங்கச்சி, மாதம் பிறந்தால் கையில் கொடுத்திடுறேன் என்றார். பையன், நான் படிப்பை விட்டுட்டு லோடு வண்டிக்குப் போறேன் என்று அவன் பாட்டுக்கு ஒரு பக்கம். அந்தப் பிள்ளை யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, தபால் ஆபீஸ்ல மாசாமாசம் வட்டி குடுக்குற திட்டம் இருக்காமே, அதுக்கு எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்கு முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூணு லட்சம் போட்டால் இன்றைய 7.4 சதவீதத்துக்கு மாதம் 1,850 ரூபாய். பிளாட் வாங்கினால் ஐந்து வருசத்தில் விலை ஏறும் என்று நானும் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன். "பிளாட்டைச் சோறு பொங்க முடியாதுண்ணே. மீதிக்கு நான் வேலைக்குப் போறேன். அவன் பன்னெண்டாவது முடிக்கிறவரைக்கும் இது வந்தாப் போதும்" என்றாள். அம்மா உள்ளேயிருந்து, "அவ சொல்ற மாதிரி எழுதிக் குடுடா" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். வாரிசு இடத்தில் ரெண்டு பிள்ளைகள் பேரும் போட்டோம். திரும்பி வரும்போது, முதலமைச்சரான பிறகும் காமராஜர் தன் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல், மாதம் 120 ரூபாய் மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்ததை அவளிடம் சொன்னேன். எளிமைக்கு உதாரணமாக மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அவள் கேட்டாள், "முதல் தேதியே வந்துருமாண்ணே?" காமராஜர் பணத்தைக் கேட்கிறாளா, தபால் ஆபீஸ் பணத்தையா என்று புரியாமல் நான் முழித்தேன்.

ஐப்பசியில் மழை நன்றாக இறங்கியது. புழுதியில் விதைத்தது பெரும்பாலும் முளைத்துவிட்டது, கிழக்கு ஓரத்தில் மட்டும் சொட்டை. அப்பாவாக இருந்தால் நாலு நாள் முந்தி விதைத்திருப்பார். கார்த்திகையில் வருசக் காரியம் முடித்தோம். அந்தத் தெருப் பையன் வந்து இலை போட்டான், பாயசம் ஊற்றினான். அரைப் பரீட்சை லீவுக்குக் களை எடுக்க வரட்டுமா பெரியப்பா என்று கேட்டிருக்கிறான். லீவு நாளில் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.